கழற்றிவிடலாம் என்று சொல்லி மாட்டிய வளையம்

பெல்ஜியத்தில் மியூஸ் ஆற்றங்கரையில் ஹுய் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1993 செப்டம்பர் 1 அன்று அந்த ஊர் மருத்துவமனையில், வயிற்றைக் கிழிக்காமல் சில துளைகள் மட்டும் போட்டு, அவற்றின் வழியே ஒரு சிலிக்கோன் வளையத்தை உள்ளே கொண்டுபோய் இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டினார் மிட்டிக்கு பெலாச்யூ. எத்தியோப்பிய கிராமமொன்றில் ஆடு மேய்க்கும் பையனாக வளர்ந்து, பெல்ஜியத்துக்கு வந்து அறுவை மருத்துவரானவர் அவர். அதுவரை உடல் பருமனுக்கு அறுவை என்றால் பெரும்பாலும் வயிற்றை நெடுக்காகத் திறந்தாக வேண்டும். கனத்த உடம்பில் அந்தக் காயம் ஆறுவதே பெரும்பாடு. பெலாச்யூவின் வழியில் தழும்புகூடப் பெரிதாகத் தெரியாது. அடுத்த 15 ஆண்டுகளில் அந்த வளையம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. 2008இல் உலகில் நடந்த பருமன் அறுவைகளில் சுமார் 42 சதவீதம் இந்த ‘கேஸ்ட்ரிக் பேண்ட்’தான்.

இன்று அதைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறவர்கள் மிகக் குறைவு. ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களைத்தான் நான் பார்க்கிறேன். லண்டனில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் ரேடியோகிராஃபராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலர் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பேண்ட் போட்டவர்கள். போட்ட டாக்டர் யார் என்பது சிலருக்கு மறந்துவிட்டது. சிலர் போட்ட கிளினிக்கே இப்போது இல்லை. அவர்களுக்காகவே இந்தக் கதையை ஒழுங்காக ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

பேண்ட் செய்கிற வேலை எளிது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வளையம் உட்காரும். அதற்கு மேலே இரைப்பையின் ஒரு சிறு பகுதி மட்டும் மிஞ்சும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர்கூடப் பிடிக்காத அளவுக்கு. வளையத்தின் உள்பக்கம் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு பை ஓடுகிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, வயிற்றுத் தசையின்மேல் தோலுக்கடியில் தைத்துவைத்த ‘போர்ட்’ என்ற சிறு குமிழில் முடியும். போர்ட்டில் அதற்கென்று உள்ள ஊசியைக் குத்தி சலைன் ஏற்றினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு வர வேண்டும் என்பதே நோக்கம். குடலில் வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் பேண்டை விற்றது. அன்றைக்கு அந்தச் சொல் ஏன் அவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது அதற்கு முந்தைய நாற்பது வருஷ வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமனும் அவருடைய குழுவினரும் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சாப்பாடு தொடாமல் தாண்டிப்போகும்படி இணைக்கும் அறுவையை எழுதிவைத்தார்கள். எடை குறைந்தது, உண்மை. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துபோனது எல்லாம் வந்தன. சில பத்தாண்டுகளில் அந்த அறுவையைக் கைவிட வேண்டியதாயிற்று. 1966இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். அதன் வழிவந்த அறுவை இன்றும் நடக்கிறது. ஆனால் அதுவும் வெட்டி ஒட்டுகிற வேலை. ஒட்டிய இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

வெட்டாமல் கட்டினால் என்ன என்று யோசித்தவர்கள் 1970களின் கடைசியில் வந்தார்கள். 1978இல் வில்கின்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இரைப்பையின் மேல்பகுதியைப் பிளாஸ்டிக் வலைத்துணியால் சுற்றிக் கட்டினார். அதை இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. அளவு ஒருவருக்குச் சரியாக இருக்கும், இன்னொருவருக்குத் தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்காது. அந்தக் குறையைப் போக்க ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் இருவரும் 1985 வாக்கில் ஒரு வளையம் செய்தார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருந்த உக்ரைன்காரர் லுபோமிர் குஸ்மாக் தனியாக இன்னொன்று செய்தார். 1986இல் அவருடைய, ஊசிபோட்டு அளவை மாற்றக்கூடிய சிலிக்கோன் பேண்ட் நோயாளிகளுக்கு வந்தது. அதை லேப்ராஸ்கோப்பி என்னும் துளைவழி அறுவைக்கு ஏற்றபடி மாற்றியதில் பெலாச்யூவுக்குப் பெரும் பங்கு உண்டு. இவர்கள் யாரையும் நான் குறைசொல்ல மாட்டேன். முந்தைய அறுவைகளில் நோயாளிகள் பட்ட பாட்டைப் பார்த்து, இதைவிடச் சாதுவான வழி வேண்டும் என்று தேடியவர்கள் அவர்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2001 ஜூனில் ‘லேப்-பேண்ட்’ என்ற ரகத்துக்கு அனுமதி கொடுத்தது. 2007இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் எத்திகான் தன்னுடைய ரியலைஸ் பேண்டோடு வந்தது. அதன்பிறகு நடந்ததில் மருத்துவத்தைவிட வியாபாரமே முன்னால் ஓடியது. தென்கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைகளில் பேண்ட் போட்டுக்கொள்ளச் சொல்லும் விளம்பரப் பலகைகள் நின்றன. 2011 பிப்ரவரியில், உயரத்துக்கேற்ற எடைக்கணக்கான பிஎம்ஐ 30 உள்ளவர்களுக்கும், பருமனால் வேறு நோய் இருந்தால், பேண்ட் போடலாம் என்று எஃப்டிஏ வரம்பைத் தளர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில் அதே எஃப்டிஏ, கலிஃபோர்னியாவின் எட்டு அறுவை மையங்களுக்கும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விளம்பரங்களில் ஆபத்துகளைச் சரியாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. வெளிநாட்டுக்குப் போய் மலிவாகப் போட்டுவிட்டுத் திரும்பியவர்களும் ஏராளம். ஊருக்குத் திரும்பியபின் ஊசிபோட்டு அளவு சரிசெய்ய யாரிடம் போவது என்று அப்போது பலர் யோசிக்கவில்லை. பேண்டுக்கு அறுவை ஒரு தொடக்கம் மட்டுமே. முதல் ஆண்டில் பலமுறை அளவு பார்த்து ஏற்ற வேண்டும், பிறகு ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டும். விளம்பரம் அறுவையைத்தான் விற்றது.

எக்ஸ்ரே அறையில் என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியை நேரே நிற்கவைத்துப் படம் எடுத்தால், நல்லபடியாக உட்கார்ந்திருக்கும் பேண்ட் ஒரு சாய்ந்த சிறு செவ்வகமாகத் தெரியும். வளையத்தை விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம் என்பதால் அப்படி. அதன் ஒரு முனை நோயாளியின் இடது தோளை நோக்கி நிமிர்ந்திருக்கும். முதுகெலும்புக்கும் அதற்கும் இடையிலான கோணத்தை அளப்போம். 4 பாகையிலிருந்து 58 பாகைக்குள் இருந்தால் சரி. பேண்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இரைப்பை மேலே நழுவி ஏறிக்கொண்டால், வளையம் அந்தப் பாரத்தில் கவிழ்ந்துவிடும். அப்போது செவ்வகம் போய் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்துபோல வட்டமாகக் கண்ணைத் திறந்து நிற்கும். அந்த வட்டம் திரையில் தெரிந்த உடனே நான் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன். மேலே சிக்கிய இரைப்பைக்கு இரத்தம் போகாவிட்டால் அது அழுகத் தொடங்கும். முதல் வேலை போர்ட்டில் ஊசி போட்டுச் சலைனை முழுக்க வெளியே எடுப்பது.

படத்துக்கான மருந்தைக் குடிக்கவைத்தால் வேறு சங்கதிகள் தெரியும். சிலருக்கு மேல்பை வருஷக்கணக்காக விரிந்து விரிந்து, இரண்டு கரண்டிக்குள் அடங்க வேண்டியது பெரிய பையாகிவிட்டிருக்கும். சிலருக்கு உணவுக்குழாயே அகன்று, சுருங்கி விரியும் பலம் இழந்து, விழுங்கிய மருந்து இறங்காமல் தேங்கி நிற்கும். இப்படிப்பட்டவர்கள் படுத்தால் இரவில் இருமுவார்கள். தேங்கியது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். இன்னும் சிலருக்கு, மருந்து வளையத்தின் உள்ளே போவதற்குப் பதில் அதற்கு வெளிப்பக்கமாகவும் வழியும். பேண்ட் இரைப்பைச் சுவரை மெல்ல மெல்ல அரித்து உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு வலிகூட இல்லாமல் இருக்கலாம். திடீரென்று வயிறு நிறைகிற உணர்வு போய்விடும், எடை ஏறும். அல்லது போர்ட் இருக்கும் இடத்தில் தோல் சிவந்து சீழ் வைக்கும். போட்டு வருஷங்கள் கழித்து போர்ட் புண்ணாகிறது என்றால் தோலுக்கு மருந்து கொடுத்துவிட்டு அனுப்பக் கூடாது. உள்ளே எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்திருந்தார். தமிழ் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சோறு, பாண், இறைச்சி ஒண்டும் இறங்குதில்லை தங்கச்சி. ஐஸ்கிரீம் எண்டா மட்டும் இறங்குது. மற்றதெல்லாம் சத்திதான். நிறையும் குறையேல்லை. நான் களவாச் சாப்பிடுறன் எண்டு வீட்டில ஏசினம்” என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. வளையம் அளவுக்கு மீறி இறுகினால் கெட்டியான, நல்ல உணவுதான் முதலில் சிக்கும். இனிப்பும் கொழுப்பும் உருகி வழுக்கிக்கொண்டு போய்விடும். பசி தீர அதைத்தான் சாப்பிட முடியும், அதில்தான் எடையும் ஏறும். “இது உங்க தப்பு இல்லக்கா, பேண்ட் ரொம்ப டைட்டா இருக்கு” என்று சொன்னேன். அழுதுவிட்டார். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கும் வலியைவிடப் பெரிய சுமை இந்தப் பழிதான். தங்கள் கட்டுப்பாடின்மையால் பேண்ட் தோற்றுவிட்டது என்று அவர்களை நம்பவைத்திருக்கிறோம். அது அநியாயம்.

பேண்டின் உண்மைக் கணக்கு வெளிவந்த இடமும் பெல்ஜியம்தான். பிரஸ்ஸல்ஸில் ழாக் ஹிம்பென்ஸ், கீ-பெர்னார் காடியேர் ஆகியோரின் குழு லேப்ராஸ்கோப்பி வழியாகப் பேண்ட் போடுவதில் உலகிலேயே முன்னோடிகளில் ஒன்று. அவர்கள் 1994 முதல் 1997 வரை தாங்களே பேண்ட் போட்ட 151 பேரைத் தேடிப் புறப்பட்டார்கள். பன்னிரண்டு வருஷமும் அதற்கு மேலும் கடந்திருந்தது. 82 பேர் கிடைத்தார்கள். 2011இல் முடிவை அச்சிட்டார்கள். 39 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல் வந்திருந்தது. 28 சதவீதம் பேருக்கு வளையம் இரைப்பையை அரித்திருந்தது. 60 சதவீதம் பேர் மறுபடி அறுவை மேசை ஏறியிருந்தார்கள்; ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பேண்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. நீண்டகாலத்தில் இதன் பலன் மோசம் என்று எழுதி, தாங்களே வளர்த்த அறுவைக்குத் தாங்களே தீர்ப்புச் சொன்னார்கள். மருத்துவ வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று. கிடைக்காமல்போன மற்ற 69 பேர் எப்படி இருந்தார்களோ என்பதும் என் மனசில் ஓடாமல் இல்லை.

ஒருதலையாகச் சொல்லக் கூடாது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பால் ஓ’பிரையனின் குழு 2013இல் வேறொரு கணக்கு வெளியிட்டது. மொத்தம் 3,227 பேரில், பத்தாண்டும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் கூடுதல் எடையில் 47 சதவீதம் குறைந்து நின்றது. அரிப்பு 3.4 சதவீதம்தான். அதே குழுவைச் சேர்ந்த ஜான் டிக்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 60 பேரில், பேண்ட் போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. மருந்து, உணவுமுறையில் இருந்தவர்களுக்கு 13 சதவீதம். இந்த எண்கள் உண்மையானவை. ஆனால் மெல்பர்னிலும் மேல்பை விரிந்ததற்காக 26 சதவீதம் பேருக்கும், போர்ட்டோ குழாயோ பழுதானதற்காக 21 சதவீதம் பேருக்கும் திருத்த அறுவை நடந்திருக்கிறது. இரைப்பையை ஒட்டிப் போடும் பழைய முறையை விட்டு, 2000ஐ ஒட்டி வேறு பாதையில் பேண்டைச் செலுத்தும் முறை வந்தபின் நழுவுவது நன்றாகக் குறைந்தது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

பிரஸ்ஸல்ஸுக்கும் மெல்பர்னுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கைத்திறன், காலம், வளையத்தின் ரகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். என் எண்ணத்தில் முக்கியமான காரணம் பின்கவனிப்பு. மெல்பர்ன் குழு நோயாளிகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அளவு பார்த்து, சிக்கல் சிறிதாக இருக்கும்போதே சரிசெய்தது. உலகின் மற்ற இடங்களில் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆயுள் முழுவதும் கவனிக்க ஒரு மருத்துவக் குழு தேவைப்படும் கருவியை, ஒருநாள் அறுவையாக விற்றதில் தொடங்கியது இந்தத் துன்பம். கழற்றிவிடலாம் என்ற வாக்கும் அரைகுறையாகவே நிறைவேறியது. வளையத்தை எடுத்தபின்னும் அதைச் சுற்றி உடம்பு கட்டிய தழும்பு அங்கேயே இருக்கும். அடுத்த அறுவை அதனால் கடினமாகும். போன எடை பெரும்பாலும் திரும்பி வரும்.

செலவையும் யாரோ சுமந்தார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் 2006 முதல் 2013 வரை பேண்ட் போட்ட 25,042 பேரின் கணக்கை ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். 18.5 சதவீதம் பேருக்கு மறு அறுவை. அப்படிப்பட்டவர்களுக்குச் சராசரியாக ஆளுக்கு 3.8 முறை. பேண்டுக்காக அரசு கொடுத்த 47 கோடி டாலரில் ஏறக்குறைய பாதி இந்த மறு அறுவைகளுக்கே போயிருக்கிறது.

சரிவு வேகமாக வந்தது. இரைப்பையின் ஒரு பகுதியையே நீக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 2011இல் பருமன் அறுவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த பேண்ட், 2019இல் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. லேப்-பேண்டை வைத்திருந்த அலர்கன் 2013இல் அதை விற்றுவிட்டது. வாங்கிய அப்போலோ எண்டோசர்ஜரியும் 2018இல் கைமாற்றியது. எத்திகான் 2016இல் தன் பேண்டை நிறுத்தியது. போடுகிறவர்கள் குறைந்தால் கவனிக்கத் தெரிந்தவர்களும் குறைவார்கள். பேண்டைப் படிப்பில் மட்டும் பார்த்த இளம் மருத்துவர்கள் இப்போது அவசரப் பிரிவில் இருக்கிறார்கள். சரியான ஊசி எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரவில் தேடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது, அல்லது வெளிநாட்டில் இருக்கும் உங்கள் உறவினர் யாருக்காவது பேண்ட் இருக்கலாம். ஒன்றும் தொந்தரவு இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். போட்டவர் கிடைக்காவிட்டால், பருமன் அறுவை செய்யும் வேறு மருத்துவமனையைக் கேளுங்கள். எந்த ரக பேண்ட், எவ்வளவு சலைன் இருக்கிறது என்ற அறுவைக் குறிப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள். கர்ப்பம் தரித்தால் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள், தளர்த்த வேண்டியிருக்கும். தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி வந்தாலோ, மேல்வயிற்றில் கடும் வலி வந்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்லும் முதல் வார்த்தை ‘எனக்குப் பேண்ட் இருக்கிறது’ என்பதாக இருக்கட்டும். வாரக்கணக்கில் வாந்தியெடுத்தவர் தடுமாறி நடந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அது தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றியதால் மூளைக்கு வந்த ஆபத்தாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், யார் ஏசினாலும்.